டின் வளையமும் கண்டிப் பதக்கமும்: கைப்பணி செய்யும் மாதர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்



கண்டி நகரிலும், கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கம்பளைப் பக்கங்களிலும், ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைத் தோட்டங்களிலும் மாதர் சங்கமாகவோ நாலைந்து பேர் கூடிய சிறு குழுவாகவோ இருந்து, வீசியெறிந்த பொருளில் கைப்பணி செய்பவர்கள், செய்ய நினைப்பவர்கள் எல்லோருக்குமாக எழுதப்படுகிறது இந்த மடல். பிளாஸ்டிக் போத்தலில் பூச்சாடி, பழைய சேலையில் கால்மிதி, உரப்பையில் கடைக்குக் கொண்டுபோகும் பை என்று கைகள் பழகிய வேலைகள் பல. இங்கே பேச்சு அவற்றையெல்லாம்விடச் சிறிய ஒரு பொருளைப் பற்றியது.

டின்னில் அடைத்த பானத்தைத் திறக்க மூடியின்மேல் ஒரு வளையம் இருக்கும். நகத்தை அடியில் கொடுத்து நெம்பினால் ‘டிக்’ என்று மூடி உள்வாங்கும். வளையம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். குடித்து முடித்தவர் அதை இரண்டாம் முறை பார்ப்பதில்லை. தமிழில் அதற்கென்று நிலைத்த பெயர்கூடக் கிடையாது. இந்த மடலில் அது ‘டின் வளையம்’. நீளம் ஏறக்குறைய 25 மில்லிமீற்றர், அகலம் 16 மில்லிமீற்றர், எடை அரைக் கிராமுக்கும் குறைவு.

அந்த எடையை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய இரும்புக் கடைக்கு ஒரு கிலோ டின் வளையம் கொண்டுபோக வேண்டுமானால் ஏறத்தாழ 2,500 வளையங்களைச் சேர்க்க வேண்டும். கடைக்காரர் தராசில் போட்டு அலுமினியத்தின் விலையைத் தருவார். 2,500 தடவை குனிந்து எடுத்ததற்கு அதில் ஒன்றும் இருக்காது. இப்போது அதே வளையங்களை ஒரு றிபனில் கோத்துப் பெல்ட் ஆக்குவோம். ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறி அமரும்படி வைத்தால் ஒவ்வொரு வளையமும் 8 மில்லிமீற்றர் நகரும். 90 சென்ரிமீற்றர் பெல்ட்டுக்கு 110-க்குச் சற்று மேல் போதும். அதாவது ஐம்பது கிராமுக்கும் குறைந்த உலோகம். தராசில் சில ரூபாய்க்கு மேல் பெறாத ஒரு பிடி வளையம், கையில் ஒரு நாள் இருந்துவிட்டு வந்தால் இடுப்பில் கட்டும் ஆபரணம்.

இந்த மடல் கேட்பது ஒன்றே ஒன்று. இந்த வேலையைக் ‘கழிவுப் பொருளில் ஏதோ செய்கிறோம்’ என்று நினைத்துச் செய்யாதீர்கள். இது உலோக வேலை. இலங்கையில் உலோகத்தை அணிகலனாக்கும் கலை வேரோடியிருக்கும் ஊர் கண்டி. அந்த ஊரில் இருந்துகொண்டு உலோக வேலை செய்யும்போது, அதற்குரிய சுத்தத்தோடும் அளவோடும் செய்யுங்கள். அதற்குரிய கூலியைக் கேளுங்கள். மிச்சமெல்லாம் இதற்கான விளக்கம்தான்.

முதலில் வளையத்தின் கதை. டின்னில் பியர் வந்த காலத்தில் அதைத் திறக்கத் தனியாக ஒரு கருவி வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் நகரைச் சேர்ந்த எர்மல் ஃபிரேஸ் 1959-இல் ஒரு குடும்ப உல்லாசப் பயணத்துக்குப் போனபோது அந்தக் கருவியை மறந்துவிட்டார். காரின் முன்பக்கத் தாங்கியில் இடித்து டின்னைத் திறக்க வேண்டியதாயிற்று. பொறியியலாளரான அவர் வீட்டுக்கு வந்து யோசித்ததில் பிறந்ததுதான் மூடியிலேயே பொருத்திய இழுப்பு வளையம். ஆனால் அந்தப் பழைய வளையம் நாக்கோடு சேர்ந்து கழன்று கையில் வந்துவிடும். குடித்தவர்கள் அதை நிலத்தில் எறிந்தார்கள். அது கடற்கரைகளில் வெறுங்காலோடு நடந்தவர்களின் பாதங்களைக் கிழித்தது. அதற்கு மாற்றாக 1975-இல் ரெய்னால்ட்ஸ் மெற்றல்ஸ் நிறுவனத்தின் டேனியல் குட்சிக் வடிவமைத்ததே டின்னிலேயே தங்கிவிடும் இன்றைய வளையம்.

பின்னல் வேலைக்கு இந்த மாற்றம் ஒரு கொடை. பழைய வளையத்தில் இருந்தது ஒரு ஓட்டையும் கூரான ஒரு நாக்கும். புதியதில் இரண்டு சன்னல்கள்: விரல் நுழையும் பெரியது ஒன்று, ஆணி இருந்த இடத்தில் சிறியது ஒன்று. வெளி விளிம்பு முழுவதும் உட்புறமாகச் சுருட்டி மடிக்கப்பட்டிருக்கும், விரலை வெட்டக் கூடாது என்பதற்காக. இரண்டு சன்னல் இருப்பதால்தான் நூல் ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளிவர முடிகிறது. விளிம்பு மடிந்திருப்பதால்தான் அது தோலில் உரசினாலும் கீறுவதில்லை. அமெரிக்க நிறுவனமொன்றில் பாதுகாப்புக்காக வரைந்த வடிவம், தெரியாமலே நெசவுக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

உலோகமும் சாதாரணமானதன்று. டின்னின் உடலும் மூடியும் ஒரே கலவையில் செய்யப்படுவதில்லை. உடலை மெல்லிய சுவராக இழுக்க வேண்டும் என்பதால் அதில் மங்கனீசு கலந்த மென்மையான அலுமினியம். மூடிக்கும் வளையத்துக்கும் மக்னீசியம் கூடுதலாகக் கலந்த விறைப்பான அலுமினியம். நெம்பும்போது வளைந்துவிடக் கூடாதல்லவா? அந்த விறைப்பே உங்கள் பெல்ட்டையும் பையையும் உருக்குலையாமல் வைத்திருக்கும். கண்டி மழைக்கு இரும்பு ஊசி ஒரு மாதத்தில் துருவேறும், இது துருப்பிடிக்காது.

அலுமினியம் என்றால் மலிவு என்ற எண்ணமும் அவ்வளவு பழையதன்று. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதைப் பிரித்தெடுப்பது அத்தனை கடினமாக இருந்ததால் பிரான்சில் அதைக்கொண்டு நகை செய்தார்கள். 1884-இல் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் வைத்தது ஓர் அலுமினியக் கூம்பகம். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு, வைத்தவர்களுக்கு அது பெருமை. இரண்டே ஆண்டுகளில், 1886-இல், மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரிக்கும் வழியை அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஹெரூவும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். அதன் பிறகே அது சட்டியானது, பானையானது, கடைசியில் ஒரு தடவை குடித்துவிட்டு எறியும் டின்னானது.

உலோகத் துண்டுகளைக் கோத்து உடுத்துவதைப் பாரிஸ் நகரின் ஆடை உலகத்துக்குக் கொண்டுவந்தவர் பாக்கோ ரபான். 1966-இல் அவர் காட்சிக்கு வைத்த பன்னிரண்டு ஆடைகளுக்கு ‘உடுத்த முடியாதவை’ என்று அவரே பெயரிட்டிருந்தார். துணிக்கும் நூலுக்கும் பதிலாக உலோகத் தகடுகளையும் பிளாஸ்டிக் வில்லைகளையும் கம்பி வளையங்களால் இணைத்தவை அவை. அதைக் கண்ட கோக்கோ ஷனேல், இவர் தையற்காரர் அல்லர், உலோகத் தொழிலாளி என்ற பொருள்படச் சொன்னதாக ஆடை வரலாற்றில் பேசப்படுகிறது. பாரிஸில் அது குத்தலாக இருந்திருக்கலாம். கண்டியில் அந்தப் பட்டத்துக்கு அரச மாளிகையில் தனி இடமே இருந்தது.

கண்டி மன்னர்களின் காலத்தில் ‘பட்டல் ஹத்தர’ என்ற நான்கு அரச பட்டறைகள் இருந்தன. பொன், வெள்ளி வேலைக்காரர்கள் முதலான கைவினைஞர்களின் தேர்ந்த கூட்டம் அங்கே வேலை செய்தது. 1815-இல் இராச்சியம் வீழ்ந்தபின் ஆதரிக்க அரசன் இல்லை. இறக்குமதிப் பொருள்கள் சந்தையை நிறைத்தன. அந்தச் சரிவை ஊர் ஊராகப் போய்ப் பார்த்துப் பதிவு செய்தவர் ஒரு தமிழரின் மகன். முத்துக்குமாரசுவாமியின் பிள்ளை ஆனந்த குமாரசுவாமி கனிமவள ஆய்வுக்காக இலங்கை வந்தவர். கல்லைத் தேடிப் போன இடங்களில் கைவினைஞர்களைக் கண்டார். கண்டிப் பகுதிக் கைவினைகளைப் பற்றிய அவருடைய ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற பெரு நூல் 1908-இல் வெளியானது. எந்தக் கருவி, எந்த அளவு, யாருக்கு எவ்வளவு கூலி என்பதுவரை கவனித்து எழுதிய நூல் அது. கைவேலையைப் பாராட்டுவதென்றால் அதைச் செய்பவரின் வேலைமுறையைக் கவனிப்பது என்று அவர் எடுத்துக்கொண்டார். உங்கள் வேலைக்கும் அப்படிப்பட்ட கண்கள் வேண்டும்.

அந்த மரபு இன்றும் அறுந்துபோகவில்லை. குண்டசாலைப் பக்கம் நத்தரம்பொத்தவில் உள்ள கலாபுரத்தில் பித்தளைத் தகட்டில் உளி விழும் சத்தத்தை இன்றும் கேட்கலாம். கண்டிக் குளக்கரையில் 1882-இல் தொடங்கிய கண்டி கலைச் சங்கம் இன்றும் கைப்பணிகளை விற்கிறது. கண்டிய மணப்பெண் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிடும் மாலைகளைக் கவனித்திருப்பீர்கள். அவற்றின் தொங்கலுக்குச் சிங்களத்தில் ‘பதக்கம’ என்று பெயர். நம்முடைய பதக்கமும் அதுவும் ஒரே சொல். எசல பெரஹராவில் வெஸ் நடனக்காரரின் மார்பில் பரந்து கிடக்கும் மணிவலையைப் பாருங்கள். சின்னச் சின்ன ஒரே அளவான துண்டுகள், நூலில் கோத்த வலை, உடல் அசையும்போது தீப்பந்த வெளிச்சத்தில் மினுங்கும் பரப்பு. டின் வளையத்தில் நீங்கள் செய்யப்போவதும் அடிப்படையில் அதே வேலை.

இதை உலகத்துக்குக் காட்டியவர்கள் பிரேசில் பெண்கள். தலைநகர் பிரசீலியாவின் புறநகர்களில் குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, டின் வளையத்தைக் கொக்கி ஊசியால் பின்னிக் கைப்பை செய்தார்கள். அங்கே வளையத்துக்கு ‘லாக்ரே’ என்று பெயர் உண்டு; ஒரு கூட்டுறவின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. அவர்களோடு சேர்ந்து வேலை செய்யும் சான் பிரான்சிஸ்கோ நிறுவனத்தின் பெயர் எஸ்காமா. போர்த்துக்கீச மொழியில் எஸ்காமா என்றால் மீன் செதில். பின்னி முடித்த பையைத் தூர இருந்து பார்த்தால் ஏன் அந்தப் பெயர் என்பது விளங்கும்: செதில் செதிலாக வெள்ளி மின்னும், உள்ளே கை விட்டால் துணிபோல மடியும். அதே நாட்டின் சால்வடோர் நகரில் பொற்றில்ரொப் என்ற பிரித்தானிய நிறுவனத்துக்காகவும் பெண்கள் இதே வளையத்தில் வேலை செய்திருக்கிறார்கள். 2002-இல் அந்த நிறுவனத்தின் முயற்சி தொடங்கியபோது மூலப்பொருள் கென்யாவின் போத்தல் மூடிகள்.

அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வடிவத்தை அன்று, ஒழுங்கை. பிரேசில் பையைப் பார்த்து அப்படியே செய்தால் அது பிரேசில் பையின் நகலாக இருக்கும். பிரேசில்காரியின் கை வேகத்தோடு போட்டியும் போட வேண்டிவரும். ஆனால் அந்தப் பைகளில் ஒரு வளையம்கூடத் தலைகீழாக இருக்காது. நசுங்கியது, கீறியது, அழுக்குப் படிந்தது எதுவும் உள்ளே போகாது. பையைச் செய்த பெண் தன் கையொப்பத்தை அதோடு அனுப்புகிறாள். இந்த மூன்றும் கண்டிக்கு வரட்டும்.

வேலைமுறைக்கு வருவோம், இங்கேதான் பல குழுக்கள் அவசரப்படுகின்றன.

வளையத்தைக் கழற்ற முன்னும் பின்னும் மெதுவாக ஆட்ட வேண்டும். ஆணி களைத்துத் தானாக விட்டுவிடும். முறுக்கிப் பிடுங்கினால் உடல் வளைந்துபோகும், வளைந்ததை நிமிர்த்த முடியாது. கழன்ற இடத்தில், சிறிய சன்னலுக்குள், ஒரு கூரான முள் எஞ்சும். அடுத்தவர் சட்டையைப் பிடித்து இழுப்பதும், நூலை உள்ளிருந்து அறுப்பதும், பை நாலு மாதத்தில் பிரிந்துபோவதும் அந்த முள்ளால்தான். சிறு குறடால் வெட்டி, மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, விரல் நுனியால் தடவிப் பாருங்கள். பஞ்சுத் துண்டொன்றை உள்ளே விட்டு இழுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. முள் இருந்தால் பஞ்சு சிக்கும். நூற்றுப்பத்து வளையத்துக்கும் இதைச் செய்யச் சலிப்பாகத்தான் இருக்கும். வேலையின் உயிர் அந்தச் சலிப்பில்தான் இருக்கிறது.

கழுவும்போது பழக்கதோஷத்தில் சாம்பல் போட்டுத் தேய்க்காதீர்கள். பித்தளைக் குத்துவிளக்குக்கு நல்லது எல்லாம் அலுமினியத்துக்கு நல்லதன்று. சாம்பலிலும் சலவைச் சோடாவிலும் உள்ள காரம் அலுமினியத்தின் மேற்பரப்பைத் தின்று மங்கவைத்துவிடும். வெந்நீரும் பாத்திரம் கழுவும் சாதாரணச் சவர்க்காரமும் போதும். பானத்தின் சீனி உள் மடிப்பில் ஒட்டியிருக்கும், அதனால் ஒரு இரவு ஊறவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் பெல்ட்டைச் சுற்றி எறும்பு வரும். பழைய துணியில் பரப்பி நன்றாக உலர்த்திய பிறகு தரம் பிரியுங்கள். வெவ்வேறு டின்களின் வளையங்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் சன்னலின் வடிவத்தில் சிறு வேறுபாடுகள் உண்டு. இரண்டு வகையை ஒரே வரிசையில் கலந்தால் கோடு அலைபாயும். சிறிய சாடிகளில் வகைவகையாகப் போட்டு வைப்பதற்கு ஒரு செலவும் இல்லை.

தோலில் நேரே படும் இடங்களில் உள்துணி வேண்டும். வெறும் அலுமினியம் வியர்வையோடு உரசினால் சாம்பல் நிறக் கறை விடும். வெள்ளைச் சட்டைக்காரி இரண்டாம் முறை வாங்க வரமாட்டாள். தோடு செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வளையம் காதைப் புண்ணாக்குவது அரிது. கடையில் கட்டாக வாங்கும் மலிவான கொக்கியில் உள்ள நிக்கல்தான் பலருக்குப் புண்ணாக்கும். கொக்கிக்கு வெள்ளியோ துருப்பிடிக்காத உருக்கோ போடுங்கள். செலவு கூடும், விலையில் சேர்த்துக்கொள்ளலாம்.

வடிவம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குக் கண்டியிலேயே பதில் இருக்கிறது. நகரத்திலிருந்து தூரமில்லாத ஹேனாவலவில் ‘ஹண’ என்ற செடியின் நாரைச் சாயமேற்றி நெய்யும் தும்பறைப் பாய்களை யுனெஸ்கோ 2021-இல் மானுடத்தின் அருவ மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது. கட்டம் கட்டமாக எண்ணி நெய்யும் கோலங்கள் அவை. டின் வளையப் பின்னலும் கட்டம் எண்ணித்தான் வளரும். வளையத்தின் நிறத்தை மாற்ற முடியாது, ஆனால் இரண்டு சன்னல் வழியாக ஓடும் நூலின் நிறத்தை மாற்றலாம். கறுப்பு, சிவப்பு, மஞ்சள் நூல்களை எண்ணி மாற்றினால் வெள்ளிப் பரப்பில் ஒரு தும்பறைக் கோலம் எழும். அந்தக் கோலங்கள் தலைமுறைகளாக அவற்றைக் காத்துவரும் ஒரு சமூகத்தின் சொத்து. எடுத்துப் பயன்படுத்துமுன் அவர்களிடம் போய்ப் பேசுங்கள், சேர்ந்து செய்யலாமா என்று கேளுங்கள். தைப்பொங்கல் கோலம் உங்களுடையது. அதற்கு எவரிடமும் கேட்க வேண்டியதில்லை. புள்ளி வைத்துக் கோடு சுற்றும் கை, வளையத்தைப் புள்ளியாகவும் நூலைக் கோடாகவும் வைத்து யோசிக்கத் தொடங்கினால் என்ன வரும் என்பதைக் காண இந்த மடலுக்கு உண்மையிலேயே ஆவல்.

இனி ஒரு கடினமான விஷயம்.

கண்டியில் கிடைக்கும் டின்களில் பெரும்பகுதி பியர் டின். குளிர்பானம் இங்கே அதிகமாகப் போத்தலில்தான் வருகிறது. மது எத்தனை லயன் வீடுகளில் அடுப்பை அணைத்திருக்கிறது என்பதை உங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பியர் டின்னின் வளையம் கழுத்தில் என்றால் உங்களில் சிலர் முகம் சுளிப்பீர்கள். வீட்டில் பெரியவர்கள் அதைவிடக் கடுமையாகச் சொல்வார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அதைத் தட்டிக்கழித்துவிட்டு ‘உலோகம்தானே’ என்று சொல்லி இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. சங்கம் கூடி வெளிப்படையாகப் பேசி முடிவெடுங்கள். செய்வது என்று தீர்மானித்தால், வளையத்தைத் தோட்டத்துக்குள் தேடாதீர்கள். நகரத்து ஹோட்டல்கள், கல்யாண மண்டபங்கள், சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதிகள் ஆகியவற்றின் சமையலறைகளோடு ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். ஒரு வாளி வைத்துவிட்டு வாரம் ஒருமுறை எடுத்துவாருங்கள். ‘அம்மாவுக்கு வளையம் வேண்டும்’ என்பது எந்த வீட்டிலும் எவருக்கும் இன்னொரு டின் வாங்கச் சாக்காக வரக் கூடாது. பிள்ளைகளைப் பொறுக்க அனுப்பவே கூடாது.

ஹந்தானை மலைப்பாதையில் உல்லாசமாக ஏறுபவர்கள் விட்டுச்செல்லும் டின்களும் உண்டு. இளைஞர் கழகங்கள் அவற்றைச் சேகரிக்கின்றபோது கேட்டு வாங்கலாம்.

இன்னொரு நேர்மையும் தேவை. ‘இந்தப் பெல்ட்டை வாங்கினால் சூழலைக் காப்பாற்றுகிறீர்கள்’ என்று அட்டையில் எழுதாதீர்கள். ஒரு டின் ஏறத்தாழ 13 கிராம். அதில் நீங்கள் எடுப்பது அரைக் கிராம்கூட இல்லை. மீதி டின் எங்கே போகிறது என்பதுதான் பெரிய கேள்வி. பொக்சைற் மண்ணிலிருந்து புதிதாக அலுமினியம் எடுப்பதோடு ஒப்பிட்டால், பழையதை உருக்கிப் பயன்படுத்த ஏறத்தாழ 5 சதவீத ஆற்றலே போதும். பிரேசிலில் பல ஆண்டுகளாக 95 சதவீதத்துக்கும் மேலான டின்கள் மீள் உருக்கத்துக்குத் திரும்புகின்றன. அங்கே வளையப் பின்னல் வளர்ந்தது அந்தச் சேகரிப்பு வலையின் மேலேதான். இங்கே கண்டி நகரத்தின் குப்பை மகாவலிக் கரையோரக் கோஹாகொட மேட்டில் குவிந்திருக்கிறது; அதன் கழிவுநீர் ஆற்றில் இறங்குகிறது. ஆறு அங்கிருந்து பொல்கொல்லை அணைக்கு வருகிறது; அதன் நீரில் ஒரு பகுதி சுரங்கம் வழியாக வடக்கே வயல்களுக்குத் திரும்புகிறது. 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் கொழும்பின் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30-க்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே வளையத்தை எடுத்த டின்னை எறியாதீர்கள். நசுக்கி மூட்டையில் கட்டி, தெருவுக்கு வரும் பழைய இரும்பு, போத்தல் வியாபாரியிடம் கொடுங்கள். டின்னின் காசு அவருடையதாக இருக்கட்டும், வளையம் உங்களுக்கு. அவர் கூட்டாளியாகிவிட்டால் வளையத்துக்குத் தட்டுப்பாடே வராது.

வளையங்களைச் சுற்றி உலகமெங்கும் கதைகள் உண்டு. இத்தனை ஆயிரம் சேர்த்தால் ஒரு சிறுநீரக நோயாளிக்கு இரத்தச் சுத்திகரிப்பு இலவசம் என்று அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக ஒரு வதந்தி ஓடியது. அப்படி ஒரு திட்டமே இருக்கவில்லை. அதே நேரம், மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தங்குமிடம் தரும் ரொனால்ட் மக்டொனால்ட் இல்லங்கள் வளையங்களைச் சேர்த்துப் பழைய உலோகமாக விற்றுச் செலவுக்கு எடுப்பது உண்மை. தாய்லாந்தின் சியங் மாயில் 1992-இல் அரசரின் தாயார் பெயரில் தொடங்கிய அறக்கட்டளைக்கு மக்கள் வளையம் அனுப்புவது செயற்கைக் கால் செய்வதற்காக. இங்கேயும் எவராவது ‘ஆஸ்பத்திரிக்காம், சேர்த்துத் தாருங்கள்’ என்று கேட்டு வந்தால் எந்த ஆஸ்பத்திரி, எந்தத் திட்டம் என்று விசாரித்துவிட்டுக் கொடுங்கள்.

கடைசியாக விலை. இந்த மடலில் மிக முக்கியமான இடம் இதுதான்.

கைப்பணிக் கண்காட்சிகளில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப நடக்கிறது. நல்ல வேலை ஒன்றைக் கையில் எடுத்தவர், ‘குப்பையில் செய்தது தானே’ என்று பாதி விலை கேட்பார். செய்த பெண் தயங்கி, சிரித்து, ஒப்புக்கொள்வாள். ஒப்புக்கொள்ளாதீர்கள். தங்கத்தில் செய்த சங்கிலிக்குத் தங்கத்தின் விலை தனி, செய்கூலி தனி. உங்கள் பெல்ட்டில் உலோகத்தின் விலை ஏறக்குறைய பூச்சியம். அதனால் விலை முழுவதும் செய்கூலி. குறைத்துக் கொடுப்பதென்றால் அது முழுக்க உங்கள் கூலியிலிருந்தே போகிறது.

கூலிக்கு ஓர் அளவுகோல் வேண்டுமா? 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அது போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் போதாத அளவையே அடிமட்டமாக வைப்போம். ஒரு பெல்ட்டுக்குக் கழற்றுவது, ராவுவது, கழுவுவது, கோப்பது, உள்துணி தைப்பது எல்லாமாக ஒரு முழு நாள் போகிறதென்றால், 1,350 ரூபாயோடு றிபன், உள்துணி, கொளுக்கி, பஸ் காசு சேர்த்தே விலை தொடங்க வேண்டும். ஐந்து நாள் எடுத்த கைப்பைக்குக் கூலி மட்டும் 6,750. அதற்குக் கீழே விற்றால், கொழுந்து பறிக்கப் போகாமல் வீட்டில் இருந்து இன்னும் குறைந்த கூலிக்கு வேலை செய்ததாக ஆகும். இந்த விலைக்கு ஊர்ச் சந்தையில் ஆள் கிடைக்காது என்பது உண்மைதான். தலதா மாளிகையையும் குளத்தையும் சுற்றிவரும் பயணிகளிடமும், கொழும்பின் கைப்பணிக் கடைகளிலும் கிடைக்கும். சிறிதாகத் தொடங்க நினைப்பவர்கள் தோட்டிலிருந்து தொடங்குங்கள்: இரண்டே வளையம், ஒரு மணி நேர வேலை, கையில் எடுத்தவர் யோசிக்காமல் வாங்கும் விலை.

தேசிய அருங்கலைகள் பேரவையில் கைவினைஞராகப் பதிந்துகொள்வதற்குப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். பேரவையின் கண்காட்சிகளுக்கும் போட்டிகளுக்கும் போக அந்தப் பதிவு உதவும். அரசின் கைப்பணிக் கடையான லக்சல 1964-லிருந்து இயங்குகிறது. அங்கும் குளக்கரைக் கலைச் சங்கத்திலும் போய், என்ன விற்கிறது, எந்த விலையில் விற்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். போகும்போது ஒன்றிரண்டு மாதிரிகளையும் கைப்பையில் எடுத்துப் போவது நல்லது.

அடுத்த போயா விடுமுறையில் சங்கம் கூடும்போது இருபத்துநாலு வளையத்தில் ஒரு காப்புச் செய்து பாருங்கள். ஒருவர் செய்ததை மற்றவர் பஞ்சுத் துண்டால் சோதிக்கட்டும். தேறியதற்கு ஒரு சிறு அட்டை கட்டுங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும். அதில் செய்தவரின் பெயர், ஊர், எத்தனை வளையம், எத்தனை மணி நேரம்.